ஐசன்டால் பிரபுவின் முகம்

ஐசன்டால் பிரபுவின் முகத்தை நாய் நக்கிவிட்டது. இதைச் சொல்ல ராணித்தாய் ஒட்டிலியே பணிப்பெண் யாரையும் அனுப்பவில்லை. ஊன்றுகோலைக்கூட எடுக்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து சிற்றோவிய அறைக்கு வந்து சேர்ந்தார். பின்னாலேயே முஷ்காட் என்ற அந்தத் தட்டைமூக்கு நாயும் வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு வந்தது.

“சிபில்லா, கதவைச் சாத்து. ஒண்ணு காட்டுறேன். கத்தக் கூடாது” என்றார் ராணித்தாய்.

சிபில்லா கதவைச் சாத்தினாள். ராணித்தாய் கைக்குட்டையைப் பிரித்தார். உள்ளே கோழிமுட்டை அளவில் ஒரு தந்தத் தகடு. அதில் நீல அங்கி இருந்தது. மார்பில் நட்சத்திரப் பதக்கம் இருந்தது. தோளுக்குப் பின்னால் ஒரு துண்டு வானம்கூட இருந்தது. கழுத்துப்பட்டிக்கு மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் மழையில் நனைந்த சுவர் போல ஒரு சாம்பல் கறை.

சிபில்லா கத்தவில்லை. நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டாள்.

அரசரின் ஓவியச் சேகரிப்பில் பெரிய படங்களைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் பலர் இருந்தார்கள். இந்தச் சிறிய அறைக்கு அவள் ஒருத்திதான். மூன்று சுவர்களிலும் நீல வெல்வெட்டு. அதன்மேல் உள்ளங்கையில் அடங்கும் முட்டை வடிவப் படங்களாக, அரசருக்கு உறவான அத்தனை பிரபுக்களும் கோமகள்களும் ஆயர்களும் மணப்பெண்களும் வரிசையாக மாட்டியிருந்தார்கள். யார் யாருக்கு மேலே, யார் யாருக்குப் பக்கத்தில் என்பதில் மட்டும் அரண்மனையில் விளையாட்டே கிடையாது. ஒரு பெரியம்மாளை அரை விரல் கீழே மாட்டிவிட்டதற்காக ஒரு குடும்பமே வருஷக்கணக்கில் இந்தப் பக்கம் வராமல் இருந்தது உண்டு. சிபில்லாவின் வேலை இந்த முகங்களை ஈரமும் பூஞ்சையும் தொடாமல் காப்பது. எங்கேயாவது ஒரு கன்னம் உதிர்ந்திருந்தால் அதைப் புள்ளி புள்ளியாக வைத்து மீட்பது. கடிகாரக்காரர் மகளான அவளுக்குச் சின்ன வேலையில் கை பழகியிருந்தது. நாற்பது வயதாகியும் கை நடுங்கியதில்லை.

“கண்ணாடிக்குள்ள பனி இறங்கியிருந்துதேன்னு மூடியைக் கழட்டினேன். துடைக்கிறதுக்குள்ள நீங்க பாக்கணும்னு கேட்டீங்க. மூடாம குடுத்தது என் தப்புதான், ராணியம்மா” என்றாள்.

“தேன் கேக் தின்ன கையோட வாங்கினது நான். மடியில வச்சுட்டுத் தூங்கினதும் நான். நாம ரெண்டு பேருமே குத்தவாளிங்க. மூணாவது ஆள் இவன்.” நாயைக் காட்டினார். “ஆனா எனக்கு ஒண்ணு புரியல. கேக்கு தட்டுல இருந்துது. அதை விட்டுட்டு இவன் ஏன் லூடோல்ஃபை நக்கினான்?”

“வண்ணத்துல வேலம்பிசினோட கற்கண்டும் கரைச்சு ஊத்துவோம். அப்பத்தான் வெடிக்காது.”

“ஓ. அப்ப இவனுக்கு இங்க இருக்கிற எல்லாருமே மிட்டாய்தானா?” ராணித்தாய்க்குச் சிரிப்பு வந்தது. சிபில்லாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

அடக்க வேண்டிய காரணம் இருந்தது. ஐசன்டால் பிரபு லூடோல்ஃப், ராணித்தாயின் செத்துப்போன தங்கையின் மூத்த மகன். வரும் ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவின் பிறந்தநாளுக்கு வருகிறார். வருஷம் தவறாமல் வருவார். வந்ததும் குதிரை வண்டியின் தூசியைக்கூடத் தட்டாமல் நேராக இந்த அறைக்கு வந்து, தன் படம் இருக்கும் சுவரின் முன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். நெடுநேரம் நிற்பார். அப்புறம்தான் மற்றவர்களுக்கு வணக்கம்.

“என்னைப் பாக்கறதுக்கு முன்னாடி தன்னைப் பாத்துக்கணும் அவனுக்கு. இந்த வருஷம் வந்து பாத்தான்னா வெறும் கோட்டுதான் இருக்கும்” என்றார் ராணித்தாய். “நீ வரைஞ்சுடு. நாள் இருக்கு.”

“அவர் முகம் எனக்குத் தெரியாதே ராணியம்மா. அவர் வர்றப்பல்லாம் நான் கதவுக்கு வெளிய நிப்பேன். முதுகைத்தான் பாத்திருக்கேன். இந்தப் படத்தை மூடியோட துடைச்சிருக்கேனே தவிர உத்துப் பாத்ததில்ல. நல்லா இருந்துது, அதனால பாக்கல.”

“நான் சொல்றேன், நீ வரை. மூக்கு நீளம். ரொம்ப நீளம்னு சொல்ல முடியாது. நெத்தி அவங்கப்பா மாதிரி. கண்ணு…” ராணித்தாய் யோசித்தார். “கண்ணு எங்க குடும்பத்துக் கண்ணு.”

சிபில்லா காகிதத்தில் வரைந்து காட்டினாள். முதலாவது, மேல் வரிசையில் இருந்த ஆயரைப் போல வந்தது. அடுத்தது வண்டிக்காரர் ஹின்ரிக்கை அப்படியே உரித்து வைத்திருந்தது. இன்னொன்றைப் பார்த்து ராணித்தாய், “இது நல்லா இருக்கு. ஆனா இது பொம்பளை” என்றார்.

இருவரும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். லூடோல்ஃபின் படம் தொங்கிய ஆணிக்குப் பக்கத்தில் இன்னோர் ஆணி இருந்தது. அதைச் சுற்றி வெல்வெட்டு வெளிறாமல், முட்டை வடிவில் கருநீலமாக இருந்தது. அங்கே முன்பு ஒரு படம் இருந்தது என்று சிபில்லாவுக்குத் தெரியும். யாருடையது என்று கேட்டதில்லை. அரண்மனையில் சில ஆணிகளைப் பற்றிக் கேட்பதில்லை.

“எபர்வின்” என்றார் ராணித்தாய் மெதுவாக.

“யாரு?”

“சின்னவன். லூடோல்ஃபுக்கு அரைமணி நேரம் இளையவன். ரெட்டைப் பிள்ளைங்க. ரெண்டும் ஒரே அச்சு. கைக்குழந்தையில ஆயா ஒருத்தன் கையில சிவப்பு நாடா கட்டி வச்சிருந்தா, யாருக்குப் பால் குடுத்தோம்னு தெரியணுமேன்னு. ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கான். பெருவாத்து வளக்கறான்.”

“இளவரசரா?”

“படகுத்துறை விடுதிக்காரன் பொண்ணைக் கட்டிக்கிட்டான். அதனால இளவரசன்ல பாதி போச்சு. குடும்பத் தலைவன்ங்கற முறையில லூடோல்ஃப் சம்மதம் குடுக்கல. இவன் கேக்கல. படத்தை எடுத்துடுங்கன்னு லூடோல்ஃப் எனக்குச் சொல்லி அனுப்பினான். எடுத்து எபர்வினுக்கே கல்யாணப் பரிசா குடுத்துட்டேன். அதை வித்துத்தான் முதல் வாத்து வாங்கினானாம்.” ராணித்தாய் கைக்குட்டையை மடித்தார். “நீ போய் அவன் முகத்தைப் பாத்துட்டு வா. எதுக்குன்னு மட்டும் சொல்லாத. எனக்கு ஆசையா இருக்குன்னு சொல்லு. அது பொய்யும் இல்ல.”

மறுநாள் காலை சிபில்லா வண்ணப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு படகில் ஆற்றைக் கடந்தாள். நவம்பர் மாதத்து மூடுபனி தண்ணீரின்மேல் படுத்துக் கிடந்தது. கரை தெரிவதற்கு முன்னாலேயே சத்தம் கேட்டது. சந்தைக்கூட்டம் ஒன்று சண்டை போடுவது போல இருந்தது. புனித மார்ட்டின் திருநாளுக்குக் கொழுக்கவைத்த பெருவாத்துகள், வெள்ளையும் சாம்பலுமாக, மேட்டு நிலம் முழுக்க நின்றன. நடுவில் மரக்காலணியும் கம்பளித் தொப்பியுமாக ஒரு தடித்த மனிதர் ஒரு வாத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இளவரசர் எபர்வினைப் பாக்கணும்” என்றாள்.

“பாத்துட்டீங்க” என்றார் அவர். “கொஞ்சம் இதோட தலையைப் பிடிச்சுக்கறீங்களா? கடிக்காது. கடிச்சாலும் வலிக்காது.”

கடித்தது. வலித்தது. ஆனால் அந்த நேரத்திலும் சிபில்லா அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நீளமான, ஆனால் மிக நீளமென்று சொல்ல முடியாத மூக்கு. ராணித்தாயின் கண்கள். மற்றதெல்லாம் வெயிலும் வெண்ணெயும் சேர்ந்து சிவக்க வைத்து ஊதவைத்த கன்னம்.

வீட்டுக்குள் அவர் மனைவி தெக்லா அடுப்பிலிருந்து நிமிர்ந்தாள். முழங்கை வரை மாவு. இறகு ஒன்று தலைத்துணியில் ஒட்டியிருந்தது. அரண்மனையிலிருந்து ஆள் என்றதும் அவள் கை துடைத்த விதமே தனியாக இருந்தது. சண்டைக்குத் துடைப்பது போல.

“என்ன, இன்னும் எதையாவது திருப்பிக் கேக்கறாங்களா?”

“இல்லம்மா. ராணியம்மாவுக்கு இவரைப் படம் வரையணும்னு ஆசை. அதான் வந்தேன்” என்றாள் சிபில்லா.

எபர்வின் தொப்பியைக் கழற்றினார். “பெரியம்மா என் படத்தைத் திரும்ப மாட்டப் போறாங்களா?” என்று கேட்டார். கேட்ட குரலில் அந்தத் தடித்த மனிதர் காணாமல் போய், ஆயாவிடம் நாடா கட்டிக்கொண்ட பையன் வந்து நின்றான்.

சிபில்லா வண்ணப்பெட்டியின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். கடைசியில், “உங்கண்ணன் முகத்தை நாய் நக்கிடுச்சு” என்றாள்.

எபர்வின் முதலில் புரியாமல் நின்றார். அவள் முழுவதையும் சொன்னாள். கேக்கு, கற்கண்டு, ஆயர், வண்டிக்காரர் ஹின்ரிக் எல்லாம் சொன்னாள். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பில் வெளியே நின்ற வாத்துகள் மிரண்டு ஒரே மூச்சில் கத்தின. தெக்லாவும் சிரித்தாள், ஆனால் உதட்டளவில்.

“அப்ப இவரோட முகத்தை எடுத்து அந்த ஆளுக்கு மாட்டப் போறீங்க” என்றாள் தெக்லா. “இவர் படம் இருந்த எடத்துல இவர் வேண்டாம். அவர் எடத்துல இவர் மூஞ்சி மட்டும் வேணும். நல்லா இருக்கு நியாயம்.”

“விடு தெக்லா. எனக்கு இது பிடிச்சிருக்கு” என்றார் எபர்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “எங்கண்ணன் அரண்மனைக்கு வந்து என் மூஞ்சிக்கு வணக்கம் வைக்கப் போறான். இதை நான் நேர்ல பாக்க முடியாதேன்னுதான் வருத்தம்.”

ஜன்னலோரம் அவரை உட்கார வைத்தார்கள். சிபில்லா புதிய தந்தத் தகடு ஒன்றை எடுக்கவில்லை. பழைய தகட்டில் கறையைச் சுத்தமாகக் கழுவி எடுத்து, அங்கியும் பதக்கமும் வானமும் அப்படியே இருக்க, நடுவில் வெறும் தந்தம் பளபளக்கும்படி தயார் செய்திருந்தாள். ஆனால் உடனே ஒரு தொல்லை. படத்திலிருந்த லூடோல்ஃப் முப்பது வயதுக்காரர். எதிரே உட்கார்ந்திருந்தவரோ அதற்குப் பின் கொழுக்கட்டையும் பன்றிக்கறியுமாகப் பல வருஷம் வாழ்ந்தவர்.

“இந்தக் கன்னம் அப்ப எங்க இருந்துது?” என்று சிபில்லா தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டாள். வாய்விட்டுக் கேட்டுவிட்டது பிறகுதான் தெரிந்தது.

“இங்க இருந்துது” என்று தெக்லா பின்னால் வந்து நின்று, கணவரின் இரண்டு கன்னங்களையும் மாவுக் கையால் மேலே தூக்கிப் பிடித்தாள். “தாடைக்குக் கீழ இந்தப் பை கிடையாது. இதைப் பின்னாடி இழுத்துக்கறேன். ஆங், இப்படித்தான் வந்து எங்கப்பா விடுதியில தண்ணி கேட்டாரு. தாகமே இல்லாம எட்டு தரம் கேட்டாரு.”

அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். சிபில்லா புள்ளி வைத்தாள். எபர்வின் தூக்கிப் பிடித்த வாயோடு பேசினார்.

“அவன் புருவம் இன்னும் நேரா இருக்கும். கண் இமை கொஞ்சம் தாழ்ந்து இருக்கும், எல்லாரும் அவனுக்குக் கீழ நிக்கற மாதிரி. இருங்க, நானே செஞ்சு காட்டறேன்.” அவர் முதுகை நிமிர்த்தினார். கழுத்தை நீட்டினார். இமையைத் தாழ்த்தினார். ஒரு நொடியில் மரக்காலணி போட்ட பிரபு ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார்.

“சாமி, இந்த ஆளோட நான் ஒரு நாள்கூடக் குடும்பம் நடத்தியிருக்க மாட்டேன்” என்றாள் தெக்லா.

அவ்வளவுதான். பிரபு உடைந்து போனார். கன்னம் கையிலிருந்து வழுக்கியது. சிபில்லா தூரிகையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

“சிரிக்காதீங்க, இளவரசே. உங்கண்ணன் சிரிக்க மாட்டாராமே.”

“சிரிக்கல. பாருங்க, சிரிக்கவே இல்ல” என்று அவர் உதட்டை இறுக்கினார். உதட்டோரம் மட்டும் கேட்கவில்லை.

வேலை முடிய இன்னும் ஒரு பகல் ஆயிற்று. ராத்தங்கலுக்கு அவளுக்கு இறகு மெத்தை போட்டார்கள். வாத்துக்கறியும் சிவப்பு முட்டைக்கோஸும் கொழுக்கட்டையும் தட்டில் குவித்து, போதும் என்பதைக் காதிலேயே வாங்காமல் தெக்லா வைத்துக்கொண்டே போனாள். சாப்பாட்டுக்கு நடுவே எபர்வின் அண்ணனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பனிச்சறுக்குப் பலகையை அண்ணன் எப்படிப் பிடித்தான், லத்தீன் வாத்தியாருக்கு அண்ணன் எப்படிப் பயந்தான், தனக்குக் காய்ச்சல் வந்தபோது அண்ணன் கதவுக்கு வெளியே தரையில் எப்படிப் படுத்திருந்தான். தெக்லா அவர் கோப்பையை மட்டும் நிரப்பினாள்.

சிபில்லாவுக்கு இன்னொன்றும் தோன்றியது. செத்துப்போனவர்களின் கன்னத்தையும் தாடையையும் ஒட்டுப்போட்டே அவளுக்கு வருஷங்கள் போய்விட்டன. எதிரே உட்கார்ந்து மூச்சு விடுகிற, சொல்லச் சொல்லக் கேட்காமல் அசைகிற ஒரு முகத்தைக் கடைசியாக எப்போது வரைந்தோம் என்று அவளால் நினைவுபடுத்த முடியவில்லை. படகில் திரும்பி வரும்போது குளிரில் விரல் விறைத்திருந்தது. மனசு மட்டும் நன்றாகச் சாப்பிட்ட வயிறு மாதிரி சூடாக இருந்தது.

ராணித்தாய் படத்தைப் பார்த்துக் கையைத் தட்டினார். “இவனேதான். ரொம்ப நல்லா இருக்கான்கூட. லூடோல்ஃப் பாத்தா தன்னையே காதலிச்சிடுவான்.” சிபில்லா கண்ணாடி மூடியை இறுக்கி, படத்தை அதன் ஆணியில் மாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மணி ஓசை அடங்கும்போது ஐசன்டால் பிரபுவின் வண்டி முற்றத்தில் நின்றது. ஒல்லியான, நெடிய மனிதர். வழக்கம்போல நேராக அறைக்கு வந்தார். சிபில்லா கதவுக்கு வெளியே நிற்கப் போனாள். ராணித்தாய் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். தனியாக மாட்டிக்கொள்ள அவருக்கு விருப்பமில்லை.

லூடோல்ஃப் சுவர் முன் நின்றார். கைகளைப் பின்னால் கட்டினார். கொஞ்ச நேரம் போனதும் கைகள் அவிழ்ந்தன. மேசையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்துக்கு நேரே பிடித்தார்.

“பெரியம்மா, இது யாரு?”

“யாருன்னு கேட்டா? நீதான்.”

“கோட்டு என்னோடது. பதக்கம் என்னோடது.” கண்ணாடியை எடுக்கவில்லை. “உள்ள இருக்கிறது எபர்வின்.”

ராணித்தாய் எதையோ சொல்ல வாயெடுத்தார்.

“வாயைப் பாருங்க. லத்தீன் வாத்தியாரோட பொய்முடிக்குள்ள தவளையை வச்சுட்டு இப்படித்தான் உக்காந்திருப்பான். அடி எனக்குத்தான் விழும்.” அவர் திரும்பினார். “யாரு வரைஞ்சது?”

“நான்தான், பிரபு” என்றாள் சிபில்லா. வேலை போயிற்று என்று நினைத்தாள். நாயின் கதையைச் சொன்னாள். ராணித்தாய் நடுவே புகுந்து தேன் கேக்கின் பங்கைத் தானே ஏற்றுக்கொண்டார். லூடோல்ஃப் இருவர் சொன்னதையும் கேட்டதாகவே தெரியவில்லை. கேட்ட கேள்வி வேறு.

“அவனை நேர்ல பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“எப்படி இருக்கான்? முடி கொட்டிடுச்சா?”

“முன்னால கொஞ்சம் கொட்டியிருக்கு.”

“குண்டாயிட்டானா?”

சிபில்லா தயங்கினாள். “கன்னத்தைத் தூக்கிப் பிடிச்சுத்தான் வரைஞ்சேன். தெக்லா அம்மா பிடிச்சுக்கிட்டாங்க.”

“அவ… அந்தம்மா அவன்கிட்ட நல்லபடியா இருக்காளா?”

“கன்னத்தைப் பிடிச்ச கையை ரெண்டு நாளா எடுக்கல பிரபு. கை வலிக்குதுன்னு ஒரு தரம்கூடச் சொல்லல.”

லூடோல்ஃப் வெறும் ஆணியைப் பார்த்தார். அதைச் சுற்றி இருந்த கருநீல அடையாளத்தைப் பார்த்தார்.

“எடுக்கச் சொன்னது நான்தான். கோவத்துல சொன்னேன். அப்புறம் எப்படித் திருப்பி மாட்டச் சொல்றதுன்னு தெரியல. வருஷா வருஷம் வந்து இந்த எடத்தைப் பாத்துட்டுப் போறேன்.”

“நீ உன்னைப் பாக்க வர்றேன்னுல்ல நான் நெனச்சேன்” என்றார் ராணித்தாய்.

“என்னைப் பாக்கறதுக்கு என்ன இருக்கு, பெரியம்மா? சவரம் பண்றப்ப தினமும் பாத்துத் தொலைக்கிறேன்.”

ராணித்தாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “படகு கிளம்பிடப் போவுது, போ” என்றார். “என் பிறந்தநாள் அடுத்த வருஷமும் வரும். சிபில்லா, நீயும் கூடப் போ. தனியா விட்டா பாதி ஆத்துல கவுரவம் வந்து திரும்பிடுவான்.”

அது கிட்டத்தட்ட நடக்கத்தான் செய்தது. நடு ஆற்றில் லூடோல்ஃப், முறைப்படி முன்கூட்டித் தெரிவிக்காமல் போவது சரியில்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். படகுக்காரர், திருப்புவதென்றால் நீங்களே துடுப்புப் போடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

மேட்டில் ஏறியதும் வாத்துகள் சூழ்ந்துகொண்டன. வெள்ளைப் பட்டுக் காலுறையை அவை அதுவரை கண்டதில்லை. முதலாவது வாத்து கெண்டைக்காலைப் பிடித்தது. “ஏ, விடு, விடு” என்று பிரபு ஒற்றைக் காலில் குதிக்கும் சத்தம் கேட்டு தெக்லா விளக்குமாறோடு வெளியே ஓடி வந்தாள். நின்றாள். அந்த மூக்கு யாருடையது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

லூடோல்ஃப் தொப்பியை எடுத்தார். இந்த அம்மாளை என்னவென்று கூப்பிடுவது என்பதற்கு அவர் கற்ற எந்த முறையிலும் சொல் இல்லை. “அம்மணி” என்று தொடங்கினார். “நான்…”

“யாருன்னு தெரியுது” என்றாள் தெக்லா. “ஆத்துக்கு இந்தப் பக்கம் ஊர் இருக்குன்னு இப்பத்தான் யாராவது சொன்னாங்களா?”

“இருக்குன்னு தெரியும். வர்றதுக்குத்தான் மூஞ்சி இல்ல.”

தெக்லா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “மூஞ்சி இல்லேன்னு நானும் கேள்விப்பட்டேன்” என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கிழிந்த காலுறையையும் வழியும் ரத்தத்தையும் அப்போதுதான் பார்த்தாள். “ஐயையோ, உள்ள வாங்க. இந்தச் சனியன் கடிச்சா வீங்கிடும். எபர்வின், இங்க வாங்க, உங்கண்ணனை வாத்து கடிச்சிடுச்சு.”

எபர்வின் கொட்டகையிலிருந்து வந்தார். கையில் தீவன வாளி. அண்ணனும் தம்பியும் சேறு நிறைந்த முற்றத்தில் எதிரெதிராக நின்றார்கள். இரண்டு மூக்குகளையும் பக்கத்தில் வைத்து ஒரே நேரத்தில் பார்க்க சிபில்லாவுக்குக் கிடைத்தது. ஆயா நாடா கட்டியது நியாயம்தான் என்று தோன்றியது.

“தவளையை வச்சது நீதான்னு இப்பவாவது ஒத்துக்கோ” என்றார் லூடோல்ஃப்.

“நான்தான்” என்றார் எபர்வின். வாளியைக் கீழே வைத்தார். வைத்த வேகத்தில் அது கவிழ்ந்து வாத்துகள் எல்லாம் அங்கே பாய்ந்ததால், அண்ணன் தம்பி கட்டிக்கொண்டதை வாத்துகளில் ஒன்றுகூடப் பார்க்கவில்லை. தெக்லா பார்த்தாள். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, தட்டு எடுத்து வைக்க உள்ளே போனாள்.

லூடோல்ஃப் அங்கே ஒரு வாரம் தங்கினார். அந்த வாரம் முழுக்க சிபில்லாவும் தங்கி இருவரையும் சேர்த்து ஒரே தகட்டில் வரைந்தாள். யார் வலப்புறம் உட்காருவது என்பதில் முதல் நாளே தகராறு. மூத்தவர் வலது என்றார் லூடோல்ஃப். என் வீடு, என் நாற்காலி என்றார் எபர்வின். “ரெண்டு பேரும் எழுந்திரிங்க” என்று தெக்லா நாற்காலிகளைக் குறுக்காகத் திருப்பிப் போட்டாள். இருவரில் யார் முன்னால், யார் பின்னால் என்று யாராலும் சொல்ல முடியாதபடி ஆயிற்று. அரண்மனையில் வரிசை வைக்கும் ஆட்கள் பிற்பாடு அந்தப் படத்தை எங்கே மாட்டுவதென்று தெரியாமல் இரண்டு ஆணிகளுக்கும் நடுவே புதிதாக ஒன்று அடித்தார்கள்.

நாய் நக்கிய படத்தை மாற்ற லூடோல்ஃப் சம்மதிக்கவில்லை. தன் கோட்டு தம்பிக்கு நன்றாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அந்தச் சுவரில் இப்போது எபர்வின் இரண்டு, லூடோல்ஃப் ஒன்று. ராணித்தாய் விருந்தாளிகளிடம் இதைக் கணக்குப் பண்ணச் சொல்லி வேடிக்கை பார்ப்பார்.

தெக்லாவையும் வரைய வேண்டும் என்று சொன்னது லூடோல்ஃப்தான். அவள் வசந்தகாலம் வரை பிடி கொடுக்கவில்லை. கடைசியில், தலைத்துணியை எடுக்கச் சொல்லக் கூடாது, பட்டு உடுத்தச் சொல்லக் கூடாது, உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருப்பேன் என்று மூன்று நிபந்தனை போட்டு உட்கார்ந்தாள். படம் அரண்மனைக்குப் போயிற்று. விடுதிக்காரர் மகளுக்கு எந்த வரிசை என்று வரிசைக்காரர்கள் வாரக்கணக்கில் பேசிக்கொண்டிருக்க, ராணித்தாய் அதை எடுத்துத் தன் கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் வைத்துக்கொண்டார். அங்கே வரிசை கிடையாது.

சிபில்லா அந்தக் கோடையில் ராணித்தாயிடம் ஒன்று கேட்டாள். வெயில் காலத்தில் மட்டும் அரண்மனை வேலைக்கு விடுப்பு வேண்டும், ஊருக்குள் உயிரோடு இருக்கிறவர்களை வரைய வேண்டும். ராணித்தாய் உடனே சம்மதித்தார். முதலில் வந்து உட்கார்ந்தவர் வண்டிக்காரர் ஹின்ரிக். அவருக்கு அடுத்த மாதம் கல்யாணம். மணப்பெண்ணுக்குக் கொடுக்க ஒரு படம் வேண்டுமாம். அவர் முகம் சிபில்லாவுக்குப் பார்க்காமலே வரும். ஆனாலும் அவள் அவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, தூரிகையைத் துடைத்து, முதல் தடவை பார்ப்பது போலப் பார்க்க ஆரம்பித்தாள்.

“காது ரெண்டும் கொஞ்சம் பெருசுங்க. சின்னதா போட முடியுமா?” என்று கேட்டார் ஹின்ரிக்.

“பொண்ணு இன்னும் உங்களைப் பாக்கலையா?”

“பாத்திருக்குங்க.”

“அப்ப இருக்கட்டும்” என்று சொல்லி சிபில்லா முதல் புள்ளியை வைத்தாள்.